இரண்டு நாள் வாடகைக்கு ஒரு கண்டுபிடிப்பு

கள்ளக்குறிச்சியில் தனி ஆளுக்கு ரூம் கிடையாது. முதல் லாட்ஜில் இதைப் பணிவாகச் சொன்னார்கள், இரண்டாவதில் கொஞ்சம் அலுப்போடு. குடும்பமாக வந்தால் உண்டு. நாலு பேர் சேர்ந்து வந்தால் உண்டு. ஒற்றை ஆளுக்கு இல்லை. ஏன் என்று கேட்டேன். இரண்டாவது லாட்ஜின் மேனேஜர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "தனியா வர்றவங்க சில பேரு காலைல கதவ தொறக்கறதே இல்லீங்க. அப்பால ஸ்டேஷனுக்கு நாங்கதான் அலையணும்" என்றார்.

என் முகத்தில் அப்படி ஏதாவது எழுதியிருந்ததோ என்னவோ. அறுபத்தொரு வயது, சிங்கப்பூர் பாஸ்போர்ட், முதுகில் ஒரு பை, மழையில் நனைந்த காலணி. என் மனைவி போய்ச் சேர்ந்து இரண்டு வருடமாகிறது என்பதை அவரிடம் நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கையோடு படியிறக்கி விட்டிருப்பார்.

வந்த காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். முப்பது வருடம் சிங்கப்பூரில் ஒரு தொழிற்கல்லூரியில் பட்டறை ஆசிரியராக இருந்தேன். ஓய்வு பெற்றபின் பொழுது போகாமல் ஒரு தமிழ்ச் சங்கத்தில் போய் ஒட்டிக்கொண்டேன். அந்தச் சங்கம் வருடத்துக்கு ஒருவருக்கு உதவுகிறது. சொந்தமாக ஒரு கருவியைச் செய்து, அதை வைத்துத் தொழில் தொடங்கப் பார்க்கிறவராக அவர் இருக்க வேண்டும். இந்த வருடம் வந்த கடிதங்களில் ஒன்று கல்வராயன் மலையிலிருந்து வந்தது. எழுதியவர் பெயர் அலமேலு.

சாமையிலிருந்து உமியை நீக்க ஒரு மிஷின் செய்திருப்பதாகவும், அதற்கென்று ஓர் எஞ்சினும் மேலே ஒரு தகரக் கூரையும் கிடைத்தால் சுற்றுப்பட்ட ஊர்களுக்கெல்லாம் அரைத்துக் கொடுக்க முடியும் என்றும் எழுதியிருந்தார். கூடவே பென்சிலில் ஒரு படம். ஓர் அண்டா, அதன் நடுவில் ஒரு தட்டு, சுவரோரமாகக் கறுப்பாக ஏதோ. யாராவது நேரில் போய்ப் பார்த்து ஆம் அல்லது இல்லை என்று சொல்ல வேண்டும். தமிழும் தெரிந்து, மிஷினும் தெரிந்து, வீட்டில் காத்திருக்க ஆளும் இல்லாதவர் யார் என்று பார்த்தால் சங்கத்தில் நான் ஒருவன்தான் இருந்தேன்.

கள்ளக்குறிச்சிக்கு நான் வந்து சேர்ந்ததே ஒரு கூத்து. சென்னையிலிருந்து வந்த பஸ்ஸில் நன்றாகத் தூங்கிவிட்டேன். கண் விழித்தபோது சின்னசேலம். எங்கள் ஊர் ரயிலில் நிறுத்தத்தின் பெயரை நாலு மொழியில் சொல்லி எழுப்புவார்கள். இங்கே கண்டக்டர் மூன்று முறை கத்தினாராம், பக்கத்து சீட்டுக்காரர் சொன்னார். "நீங்க தூங்கினது பாக்க பாவமா இருந்துச்சு, அதான் எழுப்பல" என்றும் சொன்னார். வந்த வழியே இன்னொரு பஸ்ஸில், கரும்புக் கட்டோடு வந்த ஒருவரின் மடியில் பாதி உட்கார்ந்து, திரும்பி வந்தேன்.

இரண்டாவது லாட்ஜிலிருந்து இறங்கி, மழைக்கு ஒதுங்கி நின்ற இடம் ஒரு மோட்டார் கடை. பம்பு, மாவு மிஷின், பெல்ட், பேரிங் என்று வாசல்வரை இரும்பு. எனக்கு அந்த எண்ணெய் வாசனை போதும், அரை நாள் நிற்பேன். கடைக்காரர் வெள்ளைத் தாடி வைத்த பாய். "இன்னா சார், ரொம்ப நேரமா நின்னுக்கினே இருக்கீங்க? உள்ள வந்து குந்துங்க" என்று ஸ்டூலைத் தள்ளினார்.

லாட்ஜ் கதையைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. பாஸ்போர்ட்டை வாங்கிப் பார்த்துவிட்டுத் தன் மச்சானுக்குப் போன் போட்டார். மச்சானுக்கு பஸ் ஸ்டாண்டு பின்னால் ஒரு லாட்ஜ் இருந்தது. "நம்ம ஆளுதான், குடு" என்றார் பாய். என்னைத் தெரிந்து அவருக்குப் பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது. நம்ம ஆளு என்ற சொல்லைக் கேட்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஒரு பேரிங்கை எடுத்துச் சுற்றிப் பார்த்தேன்.

மலைக்கு எதற்குப் போகிறீர்கள் என்று கேட்டார். ஆய்வுக்குப் போகிறவர் வந்த வேலையை வழியில் யாரிடமும் சொல்லக்கூடாது, சொன்னால் சிபாரிசு வரும் என்பது எங்கள் சங்கத்தின் விதி. அருவி பார்க்க என்று சொல்லிவைத்தேன். "இந்த மழையில, தனியா, அருவிக்கா?" என்று கேட்டுவிட்டு, பாயும் அந்த மேனேஜர் பார்த்த மாதிரியே என்னைப் பார்த்தார்.

பேச்சை மாற்ற, உள்ளூரில் யாராவது சொந்தமாக மிஷின் செய்து உங்கள் கடையில் விற்கக் கொண்டுவருவார்களா என்று கேட்டேன். வருவார்களாம். சிலது நன்றாகவே இருக்குமாம். "ஆனா சார், மொத மிஷின எவனும் வாங்க மாட்டான். யாரு வூட்ல ஓடுது, காட்டுன்னுவான். ரெண்டாவது மிஷினத்தான் எல்லாரும் கேப்பான். மொதலாவது வித்தாத்தானே ரெண்டாவது?"

எங்கள் கல்லூரியில் வருடா வருடம் புத்தாக்க வாரம் என்று ஒன்று நடத்துவோம். சுவரெல்லாம் வண்ணச் சீட்டு ஒட்டுவோம். மாணவர்கள் மேடையேறி ஐந்து நிமிடம் பேசுவார்கள். கோப்பை கொடுப்போம், படம் எடுப்போம். உதவித் தொகைக்கும், பயிற்சிக்கும், தோற்றுப்போனால் மறுபடி தொடங்குவதற்கும்கூடத் தனித்தனிப் படிவம் உண்டு. முப்பது வருடத்தில் அந்த மேடையில் ஏறிய பொருள்களில் ஒன்றைக்கூட யார் வீட்டிலும் நான் பார்த்ததில்லை. கள்ளக்குறிச்சியில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்துதான் அது எனக்கு உறைத்தது.

ரூமுக்குப் போய்ப் பையை வைத்ததும் பழக்கத்தில் போனை எடுத்தேன், சேர்ந்துவிட்டேன் என்று சொல்ல. யாரிடம் சொல்வது என்று தெரியவில்லை. கடைசியில் சங்கச் செயலாளருக்கு அனுப்பினேன். அவர் ஒரு கட்டைவிரல் படம் அனுப்பினார். கீழே இறங்கிப் போய் இரண்டு பரோட்டாவும் சால்னாவும் சாப்பிட்டேன். சால்னாவில் காரம் ஜாஸ்தி, கண்ணில் தண்ணீர் வந்தது, யாரும் கவனிக்கவில்லை.

மறுநாள் காலை மலைக்குப் போகும் வெள்ளிமலை பஸ் வரவில்லை. ரிப்பேர் என்றார்கள். பாய்தான் வழி சொன்னார். அவருடைய லோடு ஒன்று ஜீப்பில் மேலே போகிறது, ஒரு ஓரமாகக் குந்திக்கொண்டு போகலாம். ஜீப்பின் பின்பக்கம் தார்ப்பாய் போட்டுக் கயிற்றால் கட்டிய ஓர் இரும்புச் சாமான், என் இடுப்பு உயரம். அதற்கும் கதவுக்கும் நடுவில் நான். எதிரில் மலைக்குத் திரும்பும் இரண்டு பெண்கள், ஒரு கூடையில் நாலு கோழி.

கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையைத் தாண்டி, வளைவுகள் தொடங்கின. ஒவ்வொரு வளைவிலும் அந்தச் சாமானின் ஒரு மூலை என் இடது முழங்காலில் இடித்தது. அந்த மூலையில் தகடு நசுங்கி உதடு மாதிரி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. பத்தாவது வளைவில் நான் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். டிரைவர் சேகர் கண்ணாடியில் பார்த்து, "பாத்து சார், கல்யாண வூட்டு பாத்திரம் மாதிரி அது. ரெண்டு நாள்ல கீறல் இல்லாம திருப்பி எடுத்துக்கினு வரணும்" என்றான்.

பெண்கள் இருவரும் சாமை விலையைப் பேசிக்கொண்டு வந்தார்கள். உமியோடு விற்றால் வியாபாரி அடிமாட்டு விலைக்குக் கேட்கிறான், உரலில் குத்தி விற்கத் தோளில் வலு இல்லை என்பது அவர்கள் பேச்சின் சாரம். என்னிடம் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. வெள்ளிமலையில் என்னை இறக்கிவிட்டு ஜீப் மேலும் உள்ளே போனது. அங்கே ஒரு மளிகைக் கடையின் மாடியில் பாய் எனக்கு ரூம் சொல்லிவைத்திருந்தார். முழங்காலைப் பார்த்தேன். நீலம் பாரித்திருந்தது.

மதியத்துக்கு மேல் அலமேலுவின் ஊருக்கு நடந்தேன். ஒரு மணி நேர நடை. மரவள்ளிக் கொல்லை, கடுக்காய் மரம், நடுவே அறுத்தும் அறுக்காமலும் சாமை. ஊர் என்றால் இருபது முப்பது வீடு. நான் வரும் தேதியைச் சங்கம் கடிதத்தில் தெரிவித்திருந்ததால் அலமேலு வாசலிலேயே நின்றிருந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். இஸ்திரி போட்ட சேலை, வலது புருவத்துக்கு மேல் ஒரு தழும்பு. கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார்.

வாசலில் மிஷின். பச்சைப் பெயின்ட், மஞ்சள் குங்குமம், மேலே ஒரு முழம் பூ. பென்சில் படத்தில் இருந்தது எதுவும் அதில் இல்லை. கம்பெனி ஸ்டிக்கரைச் சுரண்டிய இடம் சதுரமாக வெளிறியிருந்தது. நான் சுற்றிவந்தேன். பின்மூலையில் தகடு நசுங்கி, உதடு மாதிரி நீட்டிக்கொண்டிருந்தது.

எனக்குக் காது சூடானது. ஆனாலும் ஓட்டிக் காட்டச் சொன்னேன். அவர் சுவிட்சைத் தேடினார். முதலில் தொட்டது வேறு ஏதோ திருகு. மிஷின் முனகிக்கொண்டு ஓடியது, அவர் ஒரு கை தள்ளியே நின்றார். தன் கையால் செய்த மிஷினிடம் யாரும் அப்படி நிற்க மாட்டார்கள். வெளியே வந்த தானியத்தில் பாதி நொறுங்கி வெள்ளையாக, மீதி உமியோடு அப்படியே.

"இது நீங்க செஞ்சதாம்மா?" என்று கேட்டேன்.

"ஆமாங்க சார்" என்றார், தரையைப் பார்த்து.

ஒரு போட்டோ எடுத்தேன். டீ வேண்டாம் என்றேன். வந்து அரை மணி நேரம்கூட ஆகவில்லை, திரும்பி நடந்தேன். வழியெல்லாம் எனக்குள்ளேயே சண்டை போட்டுக்கொண்டு வந்தேன். கடல் தாண்டி வந்தவனை ஏமாற்ற எவ்வளவு தைரியம், பாய் உள்பட எல்லோருக்கும் தெரிந்திருக்கும், நான்தான் முட்டாள். வெள்ளிமலை வந்து சிக்னல் கிடைத்ததும் செயலாளருக்குக் குரல் பதிவு அனுப்பினேன். கடையில் வாடகைக்கு எடுத்த மிஷினைத் தன்னுடையது என்று காட்டுகிறார், இவருக்கு வேண்டாம். என் குரலே எனக்குப் பிடிக்கவில்லை, ஆனாலும் அனுப்பினேன்.

அன்று சாயங்காலம் மழை விடவில்லை. மாடி ரூமில் ஒரு கட்டில், ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, ஜன்னலில் மூடுபனி. கோபத்தைச் சொல்ல ஆள் இருந்தால் கோபம் சீக்கிரம் ஆறிவிடும். என் மனைவி இருந்தபோது, நான் பாதி சொல்லும்போதே "சரி, அந்தப் பக்கம் என்ன கதையோ" என்பாள். அதற்காகவே அவளிடம் எரிந்து விழுவேன். இப்போது முழுக் கதையையும் நானே சொல்லி நானே தலையாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மூன்றாம் நாள் காலையில் கீழே இறங்கினேன். சேகர் மதியம் வந்து மிஷினை ஏற்றிக்கொண்டு போவான், அதே ஜீப்பில் நானும் போய்விடலாம் என்று திட்டம். பக்கத்தில் ஓர் அம்மாள் நடத்தும் சின்னச் சாப்பாட்டுக் கடை. சாமைப் பொங்கலும் மல்லாட்டை சட்னியும்தான் இருக்கிறது என்றார். வேர்க்கடலைக்கு இங்கே மல்லாட்டை என்று பெயர்.

இரண்டு வாய் சாப்பிட்ட பிறகுதான் கவனித்தேன். ஒரு மணிகூட உடையவில்லை. ஒவ்வொன்றும் தவிட்டு நிறத்தில், தனித்தனியாக. நேற்று பச்சை மிஷினிலிருந்து வந்தது இந்த ஜாதியே இல்லை. எங்கே அரைத்தீர்கள் என்று கேட்டேன்.

"அலமேலு கிட்டதாங்க. வண்டி மிஷின்ல."

வண்டி மிஷின் என்றால் என்ன என்று கேட்டேன். அந்த அம்மாளுக்கு அதை விளக்கத் தெரியவில்லை. கையை முறுக்கிக் காட்டி, வாயால் டுர்ர்ர் என்றார். நான் மீதிப் பொங்கலை வேகமாக விழுங்கிவிட்டு மறுபடியும் அந்த ஒரு மணி நேரத்தை நடந்தேன்.

ஊருக்குள் நுழையும்போதே சத்தம் கேட்டது. பச்சை மிஷின் வாசலில் தார்ப்பாய் போர்த்திக்கொண்டு ஜீப்புக்குக் காத்திருந்தது. சத்தம் வீட்டுக்குப் பின்னால், ஆட்டுக்கொட்டகையிலிருந்து வந்தது. அங்கே ஒரு மொபெட் ஸ்டாண்டு போட்டு நின்றது. அதன் பின்சக்கரத்திலிருந்து ஒரு பெல்ட் ஓர் அலுமினிய அண்டாவுக்குப் போனது. நாலு பெண்கள் மூட்டையோடு உட்கார்ந்திருந்தார்கள். அலமேலு, பழைய நைட்டியும் மேலே ஒரு சட்டையுமாக, இரண்டு கையாலும் சாமையைக் கொட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் வண்டியை அணைத்துவிட்டார்.

"போடுங்கம்மா. நிறுத்தாதீங்க" என்றேன்.

அண்டாவுக்குள் எட்டிப் பார்த்தேன். நடுவில் ஒரு தட்டு சுழல்கிறது. மேலே கொட்டும் சாமையை அது நாலா பக்கமும் வீசி எறிகிறது. சுவர் முழுக்க சைக்கிள் டயரை வெட்டி ஒட்டியிருக்கிறார், படத்தில் கறுப்பாக இருந்தது அதுதான். ரப்பரில் மோதும்போது உமி கழன்றுகொள்கிறது, மணி உடைவதில்லை. கீழே விழும்போது கொல்லன் உலை விசிறி ஒன்று உமியை ஊதித் தள்ளுகிறது. இதுவரைகூட எனக்குப் புரிந்த கதைதான்.

நான் அசந்தது வேறு இடத்தில். மொபெட்டின் ஆக்ஸிலேட்டர் கம்பியை நீட்டித் தரையில் ஒரு மரக்கட்டையில் கட்டியிருந்தார். காலால் அமுக்கினால் வேகம் கூடும். ஈரச் சாமைக்கு ஜாஸ்தி, காய்ந்ததற்குக் கம்மி, தினைக்கு வேறு. காதால் கேட்டுக்கொண்டே காலால் அளவு வைக்கிறார். வேகத்தை இப்படி நுணுக்கமாக மாற்ற நாங்கள் கல்லூரியில் ஒரு பெரிய பெட்டியை வைத்துப் பாடம் நடத்துவோம். அதை வாங்க மூன்று கையெழுத்து வேண்டும்.

"இதை ஏம்மா நேத்து காட்டல?"

மூட்டைக்காரப் பெண்களில் ஒருத்திதான் முந்திக்கொண்டு சொன்னாள். போன வருடம் கீழே இருந்து ஒருவர் பார்க்க வந்தாராம். எந்த ஆபீஸ் என்று அவர்களுக்கே சரியாகத் தெரியவில்லை. டயரையும் மொபெட்டையும் பார்த்துச் சிரித்தாராம். இதற்கு பில் இருக்கிறதா, முத்திரை இருக்கிறதா, கம்பெனி பேர் என்ன என்று கேட்டாராம். ஒன்றும் இல்லை என்றதும் செருப்பைக்கூடக் கழற்றாமல் போய்விட்டாராம்.

"அதான் சார்" என்றார் அலமேலு. "பாக்க வர்றவங்களுக்கு பெயின்ட் அடிச்ச மிஷின்தான் மிஷின்னு நெனச்சேன். ஒரு மூட்டை கடுக்கா குடுத்து பாய் கிட்ட ரெண்டு நாளைக்கு எடுத்தேன். பாய்க்கு எதுக்குன்னு தெரியாது. அரைக்கன்னுதான் சொன்னேன்."

எனக்கு வெட்கமாக இருந்தது. அந்த ஆள் செருப்பைக் கழற்றவில்லை. நான் கழற்றினேன், அவ்வளவுதான் வித்தியாசம். பென்சில் படம் என் சட்டைப் பையிலேயே இருந்தது. இது எங்கே என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். ஸ்டிக்கர் சுரண்டிய இடத்தைக் கண்டுபிடித்த பெருமையில் அதைக் கேட்கத் தோன்றவில்லை. ஒரு நாடு எப்படிக் கண்டுபிடிப்பாளர்களை வளர்க்க வேண்டும் என்று நான் எத்தனையோ கூட்டத்தில் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். பார்க்க வருகிறவன் இரண்டாம் நாளும் இருக்க வேண்டும் என்று யாரும் சொன்னதில்லை.

ஆனால் அடுத்த ஒரு மணி நேரம் நான் சந்தோஷமாக இருந்தேன், அதையும் மறைக்காமல் சொல்கிறேன். அவர் மிஷினைப் பிரித்துக் காட்டினார். முதலில் செய்த மரத்தட்டு வேகம் தாங்காமல் பிளந்து தெறித்ததில்தான் புருவத்துத் தழும்பு. இப்போதிருக்கும் பேரிங் அரை மணியில் சூடாகிவிடுகிறது, ஏன் என்று தெரியவில்லை என்றார். தண்டு இம்மி அளவு சாய்ந்திருப்பதை நான் காட்டினேன். தகடு ஒன்றை மடித்துக் கீழே முட்டுக் கொடுத்தோம். மறுபடி ஓடியபோது சத்தமே மாறியது. அவர் முகமும் மாறியது.

"இதப் பத்தி பேசறதுக்கு இங்க ஆளே கெடையாது சார்" என்றார். "அரைச்சி குடுத்தா வாங்கிக்குவாங்க. பேரிங்கு சூடாவுதுன்னு சொன்னா, ஆவட்டும்னுவாங்க. நானே கேட்டு நானே பதில் சொல்லிக்கினு இருப்பேன்."

எனக்கும் அப்படித்தான் என்று சொல்ல வாய்வரை வந்தது. பேரிங்கைத் தொட்டுப் பார்த்தேன், இன்னும் சூடாகவில்லை.

எஞ்சின் எதற்கு என்பதும் அப்போதுதான் முழுதாகத் தெரிந்தது. மலையில் கரண்டை நம்பி மோட்டார் வைக்க முடியாது, அதனால்தான் மொபெட். அதுவும் அவர் கணவருடையது. கணவர் கூர்க் பக்கம் காப்பித் தோட்டத்தில் வேலை. தைப் பொங்கலுக்கு வந்தால் இரண்டு மாதம் இருப்பார். வண்டி அவரோடு ஊர் சுற்றப் போய்விடும், மிஷின் படுத்துவிடும். அறுவடைச் சாமை வீட்டுக்கு வீடு குவிந்து கிடப்பது அந்த இரண்டு மாதம்தான். மிஷின் இல்லாததால் உமியோடு வியாபாரிக்குப் போகிறது. சொந்த எஞ்சின் இருந்தால் இந்தத் தையில் அது நடக்காது.

ஊருக்கு மேலே ஒரு பாறை. அதில் ஏறினால் ஒரு கோடு சிக்னல் வரும் என்றார்கள். நானும் அலமேலுவும் ஏறினோம். செயலாளரைப் பிடித்து மூச்சுவாங்க எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். நல்ல மனிதர். நேற்று மாலையே தேர்வுக் குழு கூடிவிட்டது என்றார். என் குரல் பதிவை எல்லோருக்கும் போட்டுக் காட்டினார்களாம். இந்த வருட உதவி வேறொருவருக்கு முடிவாகி, அவருக்குச் சொல்லியும் ஆகிவிட்டது. இனி அடுத்த வருடம்தான், மறுபடி விண்ணப்பித்து, மறுபடி ஒருவர் வந்து பார்த்து.

போனை வைத்ததும் அலமேலு என் முகத்தைப் பார்த்தார். சுற்றி வளைக்காமல் சொன்னேன். கிடைக்கவில்லை, காரணம் நான், நேற்றே அவசரப்பட்டு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவர் பாறையில் உட்கார்ந்தார். கீழே தெரிந்த ஆட்டுக்கொட்டகையைப் பார்த்தார்.

"நானுந்தானே சார் பொய் சொன்னேன்" என்றார்.

எஞ்சினை என் கைப்பணத்தில் வாங்கித் தருகிறேன் என்றேன். யோசிக்காமல் தலையை ஆட்டி மறுத்துவிட்டார். புருஷன் ஊரில் இல்லாத வீட்டுக்குத் தனி ஆள் ஒருவர் எஞ்சின் வாங்கிக் கொடுத்தால் ஊர் என்ன பேசும் என்று எனக்குத் தெரியாது, அவருக்குத் தெரியும். சங்கம் கொடுத்தால் கௌரவம், ஆள் கொடுத்தால் வேறு கதை. இந்தத் தையில் மிஷின் நிற்கப் போகிறது, அதை நிறுத்தியது நான் அனுப்பிய அரை நிமிடக் குரல்.

கீழே ஜீப் வந்துவிட்டது. சேகர் ஹாரன் அடித்தான். பச்சை மிஷினை இரண்டு பேர் தூக்கி ஏற்றுவது பாறையிலிருந்து தெரிந்தது. அலமேலு எழுந்து சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டார்.

"சார், அடுத்த வருசம் பாக்க வர்றது நீங்களா, வேற ஆளா?"

தெரியாது, யாரை அனுப்புவார்கள் என்று இப்போது சொல்ல முடியாது என்றேன்.

"இல்ல, தெரிஞ்சிக்கினா நல்லதுன்னு கேட்டேன். நீங்கன்னா இத காட்டிடுவேன். வேற ஆளுன்னா பாய் கிட்ட முன்னாடியே சொல்லி வெக்கணும்."

அவர் கிண்டல் செய்யவில்லை. வேலையைத் திட்டமிட்டார், அவ்வளவுதான். நானே வருகிறேன் என்றேன். சங்கம் அனுப்பாவிட்டாலும் வருகிறேன் என்று சேர்த்துக்கொண்டேன்.

"அப்போ கார்த்திகையிலயே வந்துருங்க. தைன்னா அவரு இருப்பாரு, வண்டி கெடைக்காது. எந்த தேதின்னு இப்பவே சொல்லிட்டா, அன்னிக்கி தானியம் எடுத்து வெப்பேன்."

போனில் அடுத்த வருட நாட்காட்டியைத் திறந்தேன். கார்த்திகை வரும் பக்கத்துக்குத் தள்ளினேன். ஒரு கட்டத்திலும் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. அதற்கு முந்தைய மாதத்திலும் இல்லை, பிந்தைய மாதத்திலும் இல்லை.

"நீங்களே ஒரு நாள் சொல்லுங்கம்மா" என்றேன். "எனக்கு எல்லா நாளும் சும்மாதான் இருக்கு."